ஃப்ரோம்போர்க்குக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வானியலாளர் கோப்பர்நிக்கஸ் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வானியல் பகுதி அருமை. ஆனால் 1510 முதல் 1543இல் இறக்கும்வரை (ஒல்ஷ்டின் நகரில் கழித்த சில ஆண்டுகள் போக) அவர் வாழ்ந்த ஃப்ரோம்போர்க், 'வடக்கு போலந்தின் ஒரு சிற்றூர்' என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டது. பள்ளியில் புவியியல் நடத்தியவன் நான்; மனம் கேட்கவில்லை.

அந்த ஊரைப் புரிந்துகொள்ள முதலில் அதன் காயலைப் பார்க்க வேண்டும். ஃப்ரோம்போர்க் இருப்பது விஸ்துலா காயலின் கரையில். காயலுக்கும் பால்டிக் கடலுக்கும் நடுவே நீளமான, ஒடுங்கிய மணல்திட்டு. காயலின் சராசரி ஆழம் மூன்று மீட்டர்கூட இல்லை. கடலுக்குப் போகும் இயற்கையான வாய் இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியில் இருக்கிறது. அதனால்தான் போலந்து அந்த மணல்திட்டையே குறுக்கே வெட்டி, 2022இல் தனக்கென ஒரு கால்வாயைத் திறந்தது.

ஆழம் குறைந்த நீர் என்பதால் கடுங்குளிரில் காயல் உறைந்துவிடும். 1945இல் சோவியத் படை நெருங்கியபோது அன்று ஜெர்மனியின் பகுதியாக இருந்த கிழக்குப் பிரஷ்யாவின் ஜெர்மானியக் குடும்பங்கள் அந்தப் பனிக்கட்டிமேல் குதிரைவண்டிகளோடு நடந்து தப்பப் பார்த்தன. குண்டுவீச்சிலும் பனி உடைந்தும் மாண்டவர்கள் ஏராளம். ஃப்ரோம்போர்க்கும் அந்தப் பகுதியில்தான் இருந்தது; அதுவரை அதற்கு ஜெர்மன் பெயர் ஃப்ரௌவன்பூர்க். போருக்குப் பின் போலந்தின் கைக்கு வந்தபோது ஊரின் பெரும்பகுதி இடிபாடு. நகரம் என்ற தகுதியும் போய், 1959இல்தான் திரும்பக் கிடைத்தது. அப்புறம் 1966 முதல் 1973 வரை, கோப்பர்நிக்கஸின் 500ஆம் பிறந்த ஆண்டை எதிர்நோக்கி, நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான சாரணர்கள் வந்து அதைச் சீர்படுத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து எழுப்பிய ஊர்! எனக்கு இதைவிடப் பிடித்த செய்தி அதன் வரலாற்றில் இல்லை.

கல்லறையைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். குன்றின்மேல் கோட்டை மதிலுக்குள் நிற்கும் 14ஆம் நூற்றாண்டுச் செங்கல் பேராலயத்தில்தான் அவரைப் புதைத்தார்கள்; எந்த இடம் என்பதற்கு அடையாளம் இல்லை. 2005இல் ஒரு பீடத்தின் அருகே மண்டையோடும் எலும்புகளும் கிடைத்தன. ஆனால் அவருடையவைதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. 1626இல் சுவீடன் படை ஃப்ரோம்போர்க்கைச் சூறையாடியபோது அவருடைய புத்தகங்களும் சுவீடனுக்குப் போயிருந்தன. அவற்றில் ஒன்று அந்நாட்டின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருந்தது. அதன் தாள்களுக்கிடையே சில முடிகள்! அவற்றில் இரண்டின் டி.என்.ஏ. பேராலயத்தில் கிடைத்த பல்லோடு ஒத்துப்போனது. 2010 மே மாதம் மீண்டும் அதே பேராலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

கட்டுரையை நூலாக்கும்போது இந்த ஊருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். காயலும் மணல்திட்டும் தெரியும்படி ஒரு வரைபடமும் சேர்த்தால் மாணவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்