நனைந்த 'செந்தமிழை' உலர்த்தித் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

போன ஐப்பசி மழையில் எங்கள் மாடி அறை ஒழுகி, தாத்தாவின் பீரோவுக்குள் தண்ணீர் இறங்கியது பலருக்கும் தெரியும். உள்ளே இருந்தவை மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ்த் தொகுதிகள், மொத்தம் 11. காலையில் திறந்தபோது ஊறவைத்த அவல் மாதிரி உப்பிக் கிடந்தன. மொட்டைமாடியில் தட்டோடு பதிக்கச் சொல்லி மனைவி மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையதுதான்.

முதல் நன்றி பக்கத்து வீட்டுத் தம்பிக்கு. "வெயில்ல வைக்காதீங்க சார், நொறுங்கிடும்" என்று அவன் தடுக்காவிட்டால் எல்லாவற்றையும் மாடிக்குத் தூக்கிப் போயிருப்பேன். அப்புறம், அச்சகம் வைத்திருக்கும் நண்பர். வெறும் நியூஸ்பிரிண்ட் தாள் ஒரு கட்டு கொண்டுவந்து இறக்கினார், காசு வாங்கவில்லை. அச்சடித்த செய்தித்தாளை வைத்தால் மை ஒட்டிக்கொள்ளுமாம். கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேர் நான்கு நாள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, பக்கத்துக்குப் பக்கம் தாள் செருகுவதும் ஈரம் ஏறியதும் உருவுவதுமாக இருந்தார்கள். தெருமுனை இஸ்திரிக்காரர், "சூட்டைக் குறைச்சு ஒரு தேய்ப்புத் தேய்க்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். கேட்ட மனசுக்கு நன்றி.

"இதுக்கு ஏன் சார் இவ்வளவு பாடு?" என்றாள் ஒரு மாணவி. சரி, கை வேலை செய்யட்டும், காது சும்மாதானே இருக்கிறது என்று கதை சொன்னேன். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்தவர், பேச்சுக்குக் குறளும் கம்பராமாயணமும் வேண்டும் என்று கேட்டாராம். ஊரெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை என்பார்கள். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரில்! அந்த ஆதங்கத்தில் 1901 செப்டம்பர் 14 அன்று தொடங்கியதுதான் இந்தச் சங்கம். பாண்டியன் புத்தகசாலை, அச்சுக்கூடம், செந்தமிழ்க் கல்லூரி என்று ஒவ்வொன்றாய் வந்தன. இதழுக்கு முதல் ஆசிரியர் இரா. இராகவையங்கார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று சங்கம் தேர்வுகளும் நடத்தியது. தாத்தா பால பண்டிதம் வரை எழுதியவர். அந்த ஆசையில் வாங்கிச் சேர்த்ததுதான் இந்தத் தொகுதிகள்.

எனக்கு மிகவும் பிடித்தது அபிதான சிந்தாமணி சங்கதி. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியாளாகப் பல வருடம் தொகுத்த கலைக்களஞ்சியம் அது. அச்சிட ஆளில்லாமல் அலைந்தவருக்குத் தேவர் கைகொடுத்தார். சங்கம் 1910இல் அதை வெளியிட்டது. மறுவருடமே தேவர் காலமானார், 44 வயதில். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் அவர்தான் தலைவர் என்றதும், ஒரு பையன் ஈரத்தாளைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தான்.

பைண்டிங் செய்த பெரியவருக்கு எப்படி நன்றி சொல்ல? மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்தார். பழைய தையல் ஓட்டை வழியாகவே நூலைக் கோத்தார். புதிதாகக் குத்தினால் தாள் தாங்காது என்றார். தாத்தா கையெழுத்திட்ட அட்டையை நான் குப்பையில் போட்டிருந்தேன். அதை எடுத்து, துடைத்து, உள்பக்கம் ஒட்டியே கொடுத்தார். ஒரு தொகுதியில் 16 பக்கம் கூழாகிப் போயிருந்தது. தம்மிடமிருந்த பிரதியிலிருந்து அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பிய காரைக்குடி அம்மையாரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.

கடைசியாக ஒருவர். பல வருடம் முன்பு ஆய்வுக்கென்று இரண்டு தொகுதி வாங்கிப்போய் இன்றுவரை திருப்பித் தராதவர். பெயர் வேண்டாம். அவருக்கும் நன்றி, அந்த இரண்டு மட்டும் நனையாமல் தப்பின. இனி அவர் தாராளமாகக் கொண்டுவந்து தரலாம். தட்டோடு பதித்தாயிற்று.

அன்புடன்,
பால பண்டிதர் பேரன்
மதுரை