கொக்காவிலுக்குப் போகாத இணைப்புகள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கைபேசி, கணினி பற்றித் தங்கள் பத்திரிகையில் வருவதெல்லாம் புதிதாக எந்தச் செயலி வந்திருக்கிறது என்ற சங்கதிதான். இருக்கிற செயலியை விட்டு வெளியே வருவது எப்படி என்று யாரும் எழுதக் காணவில்லை. நான் அண்மையில் அப்படி வெளியே வந்தவன். ஒன்றரை மாதம் பிடித்தது. அதில் பாதி, செயலியின் பிழையல்ல, என் அவசரம்.

நான் மல்லாவியில் இருக்கும் ஓய்வுநிலை ஆசிரியன். எங்கள் பக்கத்துக் குளங்களைப் பற்றிக் குறிப்பெடுத்து வருகிறேன். தண்ணீர் திறந்துவிடும் துருசு எந்தப் பக்கம், எந்த வாய்க்கால் யாருடைய வயலுக்கு, எந்த வருடம் குளம் நிரம்பி வான் பாய்ந்தது, கட்டு எங்கே உடைத்தது என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதுவது. யாரும் தந்த வேலையில்லை. முன்பு எழுதிய ஏழு கொப்பிகள் 2009இல் இடம்பெயர்ந்த வழியில் போய்விட்டன. எந்த இடத்தில் விட்டேன் என்பதுகூட நினைவில்லை. பிறகு எழுதியதெல்லாம் லப்டொப்பில், முதலில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். அதை, ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் வைத்திருக்கும் பொதுமுறையான யூனிகோடுக்கு மாற்றி ஒரு குறிப்புச் செயலியில் போட்டேன். புதியவற்றைக் கைபேசியிலேயே அடித்தேன். நானூறு சொச்சம் குறிப்புகள் சேர்ந்தன.

அந்தச் செயலியின் சுகம் அதன் இணைப்புகள்தான். வவுனிக்குளம் பற்றி ஒருவர் சொல்லிக்கொண்டே போய்க் கொக்காவிலுக்குத் தாவுவார். அந்தச் சொல்லில் இணைப்புப் போட்டுவிட்டால் தொட்டதும் அங்கே போகலாம். கதை சொல்பவர்கள் தாவுகிற மாதிரியே குறிப்பும் தாவும்.

திடீரென்று இலவசப் பாவனையைச் சுருக்கினார்கள். சரி, எடுத்துக்கொண்டு போவோம் என்று எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்தேன். வந்தது மார்க்டவுன் கோப்புகள். 2004இல் ஜோன் குரூபர் வெளியிட்ட எளிய எழுத்துமுறை அது. வெறும் நோட்பேட்டில்கூடத் திறக்கலாம் என்பதால் நல்லதே. அதில் ஓர் இணைப்பு, சதுர அடைப்புக்குள் கண்ணுக்குத் தெரியும் சொல், அதை ஒட்டிச் சாதாரண அடைப்புக்குள் கோப்பின் பெயர் என்று இருக்கும். என்னுடைய செயலி உள்ளே ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் இலக்கம் வைத்து அதைக் கொண்டே இணைத்திருந்தது. வெளியே அனுப்பும்போது இலக்கத்தை எறிந்துவிட்டு, இணைப்பில் நான் அடித்திருந்த சொல்லையே முகவரியாக எழுதிவிட்டது.

முதல் கோளாறு இடைவெளி. ‘வவுனிக்குளம் வான்’ என்று பெயர் இருந்தால் முதல் இடைவெளியிலேயே இணைப்புக் குழம்பிப்போகும். இடைவெளி உள்ள இடத்தில் %20 என்று போட வேண்டும், அல்லது முகவரி முழுவதையும் < > குறிகளுக்குள் வைக்க வேண்டும். இது அரை மணி நேர வேலை.

அடுத்தது படங்கள். அவற்றின் முகவரியில் தமிழே இல்லை. ‘க’ என்ற ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சதவீதக் குறிகளும் ஆறு எழுத்திலக்கங்களுமாக ஒன்பது இடம் பிடித்திருந்தது. பார்த்ததும் பயந்துவிட்டேன். ஏதோ பழுதாகிவிட்டது என்று அவற்றை அழித்து, தமிழில் கையால் அடித்து வைத்தேன். அறுபது படங்கள் இருக்கும். அதுவரை திறந்துகொண்டிருந்த படங்களில் பல அதற்குப் பிறகு திறக்கவில்லை! அது பழுதே இல்லை. இணைய முகவரிகளில் தமிழை அப்படித்தான் எழுதுவது. கண்டால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் எத்தனையோ இணைப்புகள் போகவில்லை. பெயர் அதேதான், கோப்பும் கண்முன்னே இருக்கிறது, ஆனால் ‘இல்லை’ என்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பெறாமகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். போகாதவற்றையும் போனவற்றையும் ஒரு தாளில் இரண்டு வரிசையாக எழுதச் சொன்னாள். போகாத பக்கம் கொக்காவில், கிளிநொச்சி, புளியம்பொக்கணை, கொக்குத்தொடுவாய். போன பக்கம் மாங்குளம், முத்தையன்கட்டு, நெடுங்கேணி, ஒலுமடு.

“பெரியப்பா, கொம்பும் அரவும் இருக்கிறதெல்லாம் விழுந்துபோச்சு, பாருங்கோ” என்றாள். கொம்பு என்பது ‘ெ’, அரவு என்பது ‘ா’.

நாற்பது வருடம் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்த எனக்கு அது படவில்லை.

யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ‘ொ’ என்ற குறிக்கென்று தனி எண் ஒன்று இருக்கிறது. ‘ெ’ ஒன்றும் ‘ா’ ஒன்றுமாக இரண்டு எண்களைச் சேர்த்தாலும் திரையில் அதே ‘கொ’தான். ‘ோ’வுக்கும் அப்படியே. நான் பாமினியிலிருந்து மாற்றிய தலைப்புகள் இரண்டு துண்டு. கைபேசியில் அடித்த இணைப்புகள் ஒரு துண்டு. நமக்கு ஒன்று, கணினிக்கு வெவ்வேறு. ஒலுமடு தப்பியது, அதில் ‘ஒ’ தனி உயிரெழுத்தாக நிற்பதால். நான் கையால் அடித்த படங்கள் கெட்டதும் இதனால்தான்.

உங்கள் கோப்பில் எது என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. ‘கொ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். ‘க’ மிஞ்சினால் ஒரு துண்டு, ‘கெ’ மிஞ்சினால் இரண்டு. பெறாமகள் பைதான் என்ற கணினி நிரல்மொழியில் சில வரி எழுதி, கோப்புப் பெயர்களையும் உள்ளே உள்ளதையும் ஒரே விதமாக்கிவிட்டாள். யூனிகோடை இயல்பாக்கும் கருவி பைதானுக்குள்ளேயே இருக்கிறதாம். தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

அவள் போன பிறகு எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாமினிக் காலத்துக் குறிப்புகளில் ‘கௌ’ என்பதைக் ‘கெ’யும் ‘ள’வும் போட்டு எழுதியிருந்தேன். அதையும் திருத்துவோம் என்று, ‘ெ’யும் ‘ள’வும் அடுத்து வரும் இடமெல்லாம் ‘ௌ’ ஆக்கச் சொல்லி ஒரேயடியாகத் தேடி மாற்றினேன். குளங்களைப் பற்றிய குறிப்பில் எந்தச் சொல் அதிகம் வரும்? ‘வெள்ளம்’. அத்தனையும் ‘வௌ்ளம்’ ஆயிற்று. ‘தெளிவு’ போயிற்று, ‘வெளி’ போயிற்று. நம்முடைய செய்தித் தளங்கள் சிலவற்றில் ‘வௌிநாடு’ என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கூத்துத்தான். அப்படி அடித்த செய்தியைப் பிறகு தேடினாலும் அகப்படாது. தாங்களும் ஒருமுறை தங்கள் இணையப் பக்கத்தில் ‘வெளிநாடு’ என்று தேடிப் பார்க்கலாம்.

நல்லகாலம், ஏற்றுமதியில் வந்த மூலக் கோப்புறையை அவள் தொடாமல் ஒரு பென்டிரைவில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதிலிருந்து மறுபடி தொடங்கினேன். ‘ௌ’வைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் திருத்த வேண்டியிருந்தது.

இதைத் தங்கள் பத்திரிகை வெளியிட்டால் எங்கள் பக்கத்தில் ஊர்க்கதை, கோயில் வரலாறு, வம்சக் கணக்கு என்று கைபேசியில் சேர்த்துவைக்கிறவர்களுக்கு உதவும். நானூறு குறிப்பு எழுதின பிறகு சோதிக்காதீர்கள். புதுச் செயலியில் பத்துக் குறிப்பு எழுதுங்கள், ஒன்றுக்குக் கிளிநொச்சி என்று தலைப்பு வையுங்கள், இன்னொன்றில் ஓர் இடைவெளி விடுங்கள். அப்புறம் ஏற்றுமதி செய்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். செயலி செய்கிறவர்களும் தமிழுக்கு ‘அம்மா’ என்று மட்டும் அடித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று விடாமல், ‘கொக்குத்தொடுவாய்’ என்று ஒருமுறை அடித்துப் பார்க்கட்டும்.

இப்போது மூன்று இணைப்புகள் மட்டும் எங்கும் போவதில்லை. துண்டு எண்ணிப் பார்த்தேன், இடைவெளியையும் பார்த்தேன், எல்லாம் சரி. பிறகுதான் பிடிபட்டது, அந்த மூன்று குறிப்புகளையும் நான் எழுதவே இல்லை. ஒன்று கோணாவில் பக்கத்து வாய்க்கால் பற்றியது. அதைச் சொல்ல வேண்டியவருக்கு எண்பத்தாறு வயது. சிறுபோக அறுவடை முடியட்டும், வாரும் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆசிரியர்,
மல்லாவி.