போலீஸ் சரிபார்ப்புச் சான்றுக்கு ஏன் இத்தனை கேள்வி கேட்கிறோம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பிரவுசிங் சென்டராகத் தொடங்கி, இப்போது ஆன்லைன் விண்ணப்பங்களையே முழுநேர வேலையாகப் பார்க்கும் நம் கடையிலிருந்து எழுதுகிறோம். ஓசூர், போச்சம்பள்ளி சிப்காட்டுகளில் வேலைக்குச் சேருகிறவர்கள், பெங்களூருக்கு டிரைவர் வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போகிறவர்கள் என்று, போலீஸ் சரிபார்ப்புச் சான்றுக்காக (ஒருவர் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று காவல்துறை பதிவைப் பார்த்துத் தரும் சான்று) நம்மிடம் வருகிறவர்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். வந்து உட்கார்ந்ததும் பலர் கேட்பது இதைத்தான்: "ஆதார் இருக்கு, போட்டோ இருக்கு. தட்டிவிட வேண்டியதுதானே? அப்பா பேரு, பழைய வீட்டு விலாசம், ஊர்ல கூப்பிடற பேரு இதெல்லாம் எதுக்கு?"

நியாயமான கேள்வி. கூட்டத்துக்கு நடுவே அதற்கு நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

போன மாசி மாதம் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். வயது 23. கம்பெனியில் ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டார்கள், சான்று மட்டும்தான் பாக்கி. ஆதாரில் இருந்தபடியே அப்பா பெயரை 'மாது' என்று அடித்து அனுப்பினோம். வந்த பதிலில் அவர் பெயரில் ஓர் அடிதடி வழக்கு நிலுவையில் இருப்பதாக இருந்தது. "அண்ணா, நான் ஸ்டேஷன் வாசப்படியையே மிதிச்சதில்லைண்ணா" என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அந்த வழக்குக்கு ஸ்டேஷனில் கொடுத்த குற்ற எண்ணை வைத்துக் காவல்துறை தளத்தில் முதல் தகவல் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். அதே பெயர், அதே இனிஷியல், அடுத்த ஊர். தகப்பனார் பெயர் 'மாது (எ) மாதையன்' என்று இருந்தது. நம் தம்பியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயர் மாதப்பன். ஊரில் இரண்டு அப்பாக்களும் 'மாது'தான். வழக்கில் இருந்தவருக்கு வயது 41.

மதிப்பெண் பட்டியலையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு அவர் ஸ்டேஷனுக்குப் போனார். ரைட்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஆள் வேறு என்று ஒத்துக்கொண்டார். முழுப் பெயரோடு மறுபடி விண்ணப்பித்து, சுத்தமான சான்று கைக்கு வந்து சேர்வதற்குள் 11 நாள் போய்விட்டது. கம்பெனி நல்ல கம்பெனி, காத்திருந்தார்கள். அன்றைக்கு 'மாது' என்பது முழுப் பெயர்தானா என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பையனுக்கு அந்த 11 நாள் மிஞ்சியிருக்கும். அந்தத் தவறு எங்களுடையது. அதற்குப் பிறகுதான் இத்தனை கேள்வி.

சரி, காவல்துறை கம்ப்யூட்டரில் என்னதான் இருக்கிறது? நாடு முழுக்க ஸ்டேஷன்களை இணைத்திருக்கும் மென்பொருளுக்கு சிசிடிஎன்எஸ் என்று பெயர். குற்றங்களையும் குற்றவாளிகளையும் தொடரும் வலையமைப்பு என்று சொல்லலாம். அதற்கு முன்னால் 'சிபா' என்று ஒன்று இருந்தது. அது அந்தந்த ஸ்டேஷனுக்குள்ளேயே நின்றுவிடும், பக்கத்து ஸ்டேஷன் பதிவு தெரியாது. 2008 நவம்பரில் நடந்த மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, ப. சிதம்பரம் உள்துறை அமைச்சராக இருந்தபோது, 2009-ல் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கி இந்தத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. தேசிய அளவில் இதை நடத்துவது 1986-ல் தொடங்கப்பட்ட தேசிய குற்ற ஆவணக் காப்பகம். நம் மாநிலத்துக்குச் சென்னையில் மாநில குற்ற ஆவணக் காப்பகம் இருக்கிறது.

இதில் ஒரு வழக்கு படிவம் படிவமாக ஏறுகிறது. முதலில் முதல் தகவல் அறிக்கை. அப்புறம் சம்பவ இட விவரம், கைது, கைப்பற்றிய பொருள்கள், கடைசியில் குற்றப்பத்திரிகை. இந்த ஐந்தும் ஸ்டேஷன் வேலை. இதற்குப் பிறகு நீதிமன்ற முடிவுக்கு ஒரு படிவம், மேல்முறையீட்டு முடிவுக்கு ஒரு படிவம். சிக்கல் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில்தான். விடுதலை என்று தீர்ப்பு சொல்வது நீதிமன்றம், அதைப் பதிவில் ஏற்ற வேண்டியது வேறு கை. நீதிமன்றம், சிறை, தடய அறிவியல் துறை எல்லாவற்றையும் காவல்துறைப் பதிவோடு இணைக்க ஐசிஜேஎஸ் என்ற அமைப்பு வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய வழக்கு என்றால், தீர்ப்பு ஏறாமல் 'நிலுவை' என்றே நிற்க வாய்ப்பிருக்கிறது. அதனால் வழக்கிலிருந்து விடுதலையானவர்கள் தீர்ப்பு நகலை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் காப்பி அப்ளிகேஷன் போட்டால் கிடைக்கும். வழக்கின் நிலையை இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் என்று, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடக் குறியீடு உண்டு. அது தெரியாவிட்டால் ஸ்டேஷன் பெயரையும் குற்ற எண்ணையும் போட்டுத் தேடலாம்.

நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிற ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாந்தோப்பில் வரப்புத் தகராறு, வாய்ச்சண்டை, கைகலப்பு. இரண்டு தரப்பும் புகார் கொடுத்து, இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) (ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது) என்று வழக்காகிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடந்தது என்றால், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 296(பி), 115(2), 351 என்று இருக்கும். இரண்டு மாதம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் உட்கார வைத்துப் பேசி ராஜி ஆக்கிவிடுவார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஊரில் முடிந்திருக்கும், பதிவில் முடிந்திருக்காது. முதல் தகவல் அறிக்கை பதிவான வழக்கு பேச்சால் மறையாது. அடித்த வழக்கை நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஆபாசமாகத் திட்டியதாகச் சொல்லும் பிரிவு சமரசத்துக்குள் வராது, அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். ராஜி பேசும்போதே ஒரு வக்கீலிடம் இதைக் கேட்டு முடித்துவிடுங்கள். மகன் வேலைக்குப் போகும் நேரத்தில் ஓட வேண்டாம்.

எல்லாமே வழக்கு என்று பயப்படவும் வேண்டாம். புகார் கொடுத்ததும் ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீது மனுவைப் பெற்றதற்கான ரசீதுதான், முதல் தகவல் அறிக்கை ஆகாது. ஹெல்மெட் போடாததற்கு வந்த இ-செலான் வேறு, குற்ற வழக்கு வேறு. அபராதத்தைக் கட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

18 வயதுக்குள் நடந்தது பற்றி ஓர் அம்மா அழுதுகொண்டே கேட்டார். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது: சிறார் மீதான வழக்கு முடிந்துவிட்டால், நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட அந்தப் பதிவைக் காவல்துறை வெளியிடக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ பிள்ளைகள் விண்ணப்பம் போடவே அஞ்சி நிற்கிறார்கள். வந்து கேளுங்கள். தனியாக உட்கார்ந்து பேசலாம்.

பெயருக்கு வருவோம். இந்தச் சான்றுக்கு விரல்ரேகை எடுப்பதில்லை. பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம் இவற்றை வைத்துத்தான் தேடுகிறார்கள். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, ஓர் எழுத்து இனிஷியல்தான். கோவிந்தசாமியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'டபிள்யூ' சேர்ப்பார், ஒருவர் சேர்க்க மாட்டார். முத்துலட்சுமிக்கு ஒரு கார்டில் 'கே, எஸ், ஹெச்', இன்னொன்றில் 'எக்ஸ்'. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் முனியப்பாவும் முனியப்பனும் ஒரே ஆளாகவும் இருக்கலாம், வேறு வேறு ஆளாகவும் இருக்கலாம். ஊர்ப் பெயரும் அப்படித்தான். 2020-ல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வந்து, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டதே, நினைவிருக்கும். போதாததற்கு மாவட்டம் வேறு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ல். அதற்கு முந்தைய காகிதம் எல்லாவற்றிலும் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். தருமபுரியே சேலத்திலிருந்து பிரிந்தது 1965-ல். பழைய விலாசத்தை நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், கனடா போக அமெரிக்கச் சான்று வேண்டும் என்று வந்தார். அமெரிக்காவில் எஃப்பிஐ என்ற மத்தியப் புலனாய்வு அமைப்புக்கு விரல்ரேகை அட்டை அனுப்ப வேண்டும். மாநிலத்துக்கு ஒரு குற்றப் பதிவகம், எல்லாம் விரல்ரேகையில் கோத்தது. பெயர்க் குழப்பம் அதனால் குறைவு. ஆனால் கைது ஏறி, வழக்கின் முடிவு ஏறாமல் கிடப்பது அங்கேயும் பழைய குறைதான். இங்கேயும் 2022-லிருந்து 'நஃபிஸ்' என்ற தேசிய விரல்ரேகை அமைப்பு இருக்கிறது. கைதானவருக்கு 10 இலக்க எண் ஒன்று தருகிறார்கள், எத்தனை வழக்கு வந்தாலும் எண் ஒன்றுதான். அதே ஆண்டு வந்த சட்டப்படி, கைதானவரிடம் எடுக்கும் விரல்ரேகை போன்ற அளவீடுகளை 75 ஆண்டு வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால், மேல்முறையீடெல்லாம் முடிந்த பிறகு, நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாத வரை அவற்றை அழித்துவிட வேண்டும். இது விரல்ரேகை போன்ற அளவீடுகளுக்கு மட்டும். முதல் தகவல் அறிக்கைக்குப் பொருந்தாது.

அரசு வேலைப் படிவத்தில் "உங்கள் மேல் வழக்கு இருந்ததா?" என்ற கேள்வி வந்தால், இருந்ததை எழுதிவிடுங்கள். மறைத்தது தெரிந்தால் அதற்காகவே வேலையை ரத்து செய்ய முடியும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சின்ன வழக்கு என்றால் மன்னிக்கவும் இடம் வைத்திருக்கிறது. "இல்லைன்னு போட்டுடுங்க சார்" என்று எங்களிடம் சொல்லாதீர்கள். நாங்கள் போட மாட்டோம்.

இன்னொன்று. காசு கொடுத்தால் கம்ப்யூட்டரிலிருந்தே பேரை எடுத்துவிடுகிறேன் என்று பஸ் ஸ்டாண்டில் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நம்பாதீர்கள். யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள்.

இனி வரும்போது ஆதாரோடு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ரேஷன் கார்டு இரண்டையும் கொண்டுவாருங்கள். அப்பாவின் முழுப் பெயரைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வாருங்கள், கூப்பிடும் பெயர் வேறு இருந்தால் அதையும் சேர்த்து. அனுப்பும் முன் திரையில் ஒருமுறை, பிரிண்ட் எடுத்து ஒருமுறை நீங்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அனுப்புவோம். அரசுக் கட்டணம் ஆன்லைன் ரசீதில் உள்ள தொகைதான், எங்கள் கூலி தனி ரசீதில் வரும். ஸ்கேன் செய்த ஆவணங்களை அன்று கடை சாத்தும் முன் அழித்துவிடுகிறோம். அதனால் நகல் வேண்டுமென்றால் அன்றைக்கே பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் வந்து கேட்டால் எங்களிடம் இருக்காது.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் சென்டர் குடும்பத்தார்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி