கால் பொருத்திய பிறகு வரும் ஆண்டுகளுக்கும் கொடுங்கள்

வெளிநாட்டு அறப்பணிகளுக்கு நிதி திரட்டும் சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

அண்மையில் சிராங்கூன் வட்டாரத்தில் நடந்த ஒரு விருந்தில், செயற்கைக் கால் ஒன்றுக்கு இத்தனை வெள்ளி என்று அறிவித்தார்கள். நானும் மனமுவந்து கொடுத்தேன். ஆனால், தஞ்சாவூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்த என் பெரியப்பாவின் நினைவு அன்றிரவு தூங்கவிடவில்லை. முகாமில் பெற்ற செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு வயல்வரைக்கும் நடந்தவர், முழங்காலுக்குக் கீழே மீந்திருந்த பகுதி மெலிந்து, அதைச் செருகும் கூடான சாக்கெட் தளர்ந்து, உராய்ந்து புண்ணானதும், சரிசெய்து தர அருகில் ஆளில்லாததால் ஓராண்டுக்குள் அதைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டார்.

மலிவான கால் செய்யும் வழி நமக்குத் தெரியாததன்று. கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968இல் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால் என்னும் செயற்கைக் காலை அணிந்தவர், வெறுங்காலோடு நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், சம்மணமிட்டு உட்காரலாம். பொருளின் விலை குறைந்துவிட்டது. அதைப் பொருத்தி, நடக்கப் பழக்கி, திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் கைகளுக்குத்தான் பற்றாக்குறை. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட தரநெறிகளும் பயிற்சியையும் தொடர் கவனிப்பையும் சேவையின் பகுதியாகவே வைத்திருக்கின்றன.

குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். வளரும் பிள்ளைக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கால் மாற்ற வேண்டியிருக்கும். செயற்கைக் காலுக்கு மட்டுமன்று: பாதம் உள்நோக்கி வளைந்த வளைபாதத்தோடு பிறந்த குழந்தை, வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிப் படிப்படியாக நேராக்கும் பொன்செட்டி முறையில் திருத்திய பிறகும், முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பின்னர் நான்கைந்து வயதுவரை தூங்கும்போதும் இரு காலணிகளையும் ஒரு சட்டத்தால் இணைத்த காலணிப் பட்டை அணிய வேண்டும். இடையில் நிறுத்தினால் பாதம் மீண்டும் வளையக்கூடும்.

ஆகவே, எத்தனை கால்கள் கொடுத்தோம் என்று மட்டும் ஆண்டறிக்கையில் எழுதாதீர்கள். ஓராண்டு கழித்து எத்தனை பேர் அணிந்து நடக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். செயற்கைக் கால் பொருத்தும் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தைப் போல ஓரிடத்தில் நிலைத்து இயங்கும் பட்டறைகளுக்கு உதவுங்கள். அங்குள்ள தொழில்நுட்பரின் சம்பளம், பழுதுபார்ப்பு, நோயாளியின் பேருந்துக் கட்டணம், அவர் இழக்கும் அன்றைய கூலி ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். விருந்து மேடையில் படமெடுக்க முடியாத செலவுகள் இவை. பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே, குறைந்தது ஐந்தாண்டுப் பராமரிப்புக்கான தொகையைத் திட்டத்தில் எழுதிவிடுங்கள். அதனால் கால்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் நான் முன்போலவே கொடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் நன்கொடையாளர்களுள் ஒருவர்