பள்ளத்தூர் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்

காரைக்குடி

அன்புள்ள முத்து,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பள்ளத்தூருக்குப் போய் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பதில் எழுதலாம் என்று இருந்தேன், அதனால்தான் தாமதம். சனிக்கிழமை போனேன். ஆத்தா நன்றாக இருக்கிறார்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வளவு முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், என்னைக் கண்டதும் எழுந்துபோய்க் கவுனி அரிசி கொண்டுவந்து வைத்தார்கள். போதும் என்று சொல்ல விடவில்லை. இரண்டாங்கட்டில் நீ ஓடு மாற்றிய இடத்தில் இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. பின்கட்டுக் கதவு நிலையின் அடியில் கரையான் ஏறியிருக்கிறது, அதை நீ வந்து பார்க்க வேண்டும். உன் மகன் கதிர் அப்பத்தாவுக்குத் துணையாக அங்கே தங்கிக் கல்லூரிக்குப் போய்வருவது எனக்கு மிகவும் நிம்மதியாக இருக்கிறது. பஸ்ஸில் கிட்டத்தட்ட அரை மணி நேரப் பயணம், அவன் அலுத்துக்கொள்ளவே இல்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். கதிருக்கு 60,000 ரூபாய்க்குள் விளையாட்டுக்கான கம்ப்யூட்டர். ரெடிமேடாக வாங்குவதா, பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்வதா? அசெம்பிள் செய்யுங்கள். அதையும் கதிரே செய்யட்டும். ஆனால் நீ எழுதியிருந்த காரணத்துக்காக அல்ல. அசெம்பிள் செய்தால் பத்தாயிரமாவது மிச்சமாகும் என்று எழுதியிருந்தாய். இரண்டு வருடங்களுக்கு முன் அது சரியாக இருந்திருக்கும். 2025 கடைசியிலிருந்து ரேம், அதாவது கம்ப்யூட்டர் ஓடும்போது தரவை வைத்துக்கொள்ளும் நினைவகம், அதன் விலை இரண்டு மடங்கையும் தாண்டிப் போய்விட்டது. ஏ.ஐ. சர்வர்களுக்கு நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். மைக்ரான் நிறுவனம் கடைகளில் விற்றுவந்த க்ரூஷியல் ரேம் வியாபாரத்தையே நிறுத்திக்கொள்வதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. பழைய விலைக்கு வாங்கிய சரக்கு கையிலிருக்கும் வியாபாரி, ரெடிமேட் கம்ப்யூட்டரை நீ சில்லறையாக வாங்கும் பாகங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைத்துக்கூடக் கொடுக்கலாம். அதில் விண்டோஸும் சேர்ந்திருந்தால் கணக்கு இன்னும் மாறும். அதனால் விலையை மட்டும் வைத்து இதை முடிவு செய்யாதே.

நான் பார்ப்பது வேறு. அந்தப் பெட்டி ஒருநாள் நின்றுபோகும்போது பள்ளத்தூரில் அதைத் திறந்து பார்ப்பவர் யார்?

என் தம்பி மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் 55,000 ரூபாய்க்கு ரெடிமேடாக ஒன்றை வரவழைத்தான். கண்ணாடிப் பக்கம், உள்ளே வண்ணவண்ணமாக ஐந்து விசிறிகள். பத்து மாதம் ஓடியது. ஒரு மாலை கரண்ட் போய்ப் போய் வந்ததில் அடங்கியது, பிறகு எழவே இல்லை. விற்றவர்கள் பெட்டியை முழுதாக அட்டையில் கட்டி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பும் செலவு நம்முடையது, எப்போது திரும்பும் என்பதற்குப் பதில் கிடையாது. அவன் அதை என்னிடம் கொண்டுவந்தான். சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தோம். எஸ்.எம்.பி.எஸ்ஸை, அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியை, கழற்றிக் கையில் எடுத்தேன், தீப்பெட்டிக் கட்டுபோல் லேசாக இருந்தது. 500 வாட் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது, தயாரித்தவர் பெயர் எங்குமே இல்லை. வேறு நல்லதாக ஒன்று மாட்டலாம் என்றால், பாகங்களெல்லாம் மாட்டும் பலகையான மதர்போர்டில் இருந்த மின் இணைப்பு ஊர் உலகத்தில் இல்லாத அமைப்பு. கடையில் கிடைக்கும் எதுவும் அதில் பொருந்தவில்லை. ஆக இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. ரேம் 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தது. அதையே எட்டெட்டாக இரண்டு போட்டிருந்தால் கணக்குகளைச் செய்யும் சில்லான பிராசஸருக்கு இரண்டு வழியில் தரவு போய்வந்திருக்கும், விளையாட்டில் அது நன்றாகவே தெரியும். முன்பக்க விசிறிகள் காற்று நுழைய இடமில்லாமல் கண்ணாடியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தப் பையன் ஒரு வருடம் சேர்த்த பணம் அது. எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

எல்லா ரெடிமேடும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். எந்த எஸ்.எம்.பி.எஸ்., எந்த மதர்போர்டு என்று பெயர் எண்ணோடு எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். எழுதித் தராதவரிடம் வாங்கவே வேண்டாம்.

என் மகளுக்கு அசெம்பிள் செய்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். அதிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னை போய், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்டு, மறுநாள் பாகங்களோடு திரும்பினோம். அவள் கேட்டது ரைசன் 5 5600. 2022இல் வந்த ஆறு கோர் பிராசஸர். அதன் அடிப்பக்கத்தைப் பார்த்திருக்கிறாயா? ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள், தலைமுடிபோல் மெல்லியவை, ஒன்று வளைந்தாலும் தொல்லை. மூலையில் தங்க நிறத்தில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், மதர்போர்டின் சாக்கெட்டிலும் அதேபோல் ஒரு குறி. இரண்டையும் சேர்த்து வைத்தால் தானாக இறங்கி உட்காரும், விரலால் அழுத்தவே கூடாது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். இறங்கிவிட்டது. பக்கத்துக் கம்பியை மடக்கிப் பூட்டியபோதுதான் மூச்சு விட்டாள். அதன் பிறகு ரேம் இரண்டையும், பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது வரிசைகளில், 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். பாதியில் நின்றால் உட்காரவில்லை என்று அர்த்தம்.

எல்லாம் பூட்டிப் போட்டதும் விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. என் வயிற்றைக் கலக்கிவிட்டது. அவள் கையேட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாள். இருபது நிமிடம் கழித்து வந்து, மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து பிடுங்கி, திரைக்குப் படம் உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டில் செருகினாள். படம் வந்துவிட்டது. அந்தப் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டின் துளையில் செருகினால் எதுவும் தெரியாது. கடந்த ஐப்பசியில் மறுபடி திரை இருண்டபோது என்னை எழுப்பவே இல்லை. ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் துடைத்து மாட்டி, காலையில் காபி குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள். முத்து, கதிருக்கு இந்தக் கை வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். பெட்டியோடு சேர்த்து அவனுக்கு நீ கொடுப்பது அதுதான்.

பாகங்களைப் பற்றி: பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் புதியதான ஏ.எம்.5 வகைக்கு டி.டி.ஆர்.5 ரேம்தான் பொருந்தும், இன்றைய விலையில் உன் பணத்தில் ஒரு பெரிய பங்கை அதுவே தின்றுவிடும். பழைய ஏ.எம்.4 வகை (மகளுடைய ரைசன் அதுதான்), டி.டி.ஆர்.4 ரேம் போதும். அதுவும் விலை ஏறித்தான் இருக்கிறது, ஆனாலும் கைக்கு எட்டும். பிற்காலத்தில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொண்டு போகும் வசதி இதில் குறைவு, அது தெரிந்தே இறங்குங்கள். மதர்போர்டு பி550 வகையாக இருக்கட்டும். இன்னும் பழைய பி450 எடுத்தால், பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்த பலகையா என்று கேட்டு வாங்க வேண்டும். மொத்தப் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்காவது கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கு, 8 ஜிபிக்குக் குறைந்ததைத் தொடாதே. மகளுடையது ஆர்.எக்ஸ். 6600, 132 வாட்தான் இழுக்கிறது. பிராசஸருக்கு 65 வாட் என்று போட்டிருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்தாலும் 300 வாட்டுக்குள் அடங்கும். அதற்கு 550 வாட்டில், 80 பிளஸ் புரோன்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற தரச்சான்று) முத்திரையோடு, பெயர் தெரிந்த நிறுவனத்தின் எஸ்.எம்.பி.எஸ். இதில் ஆயிரம் ரூபாய் குறைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதே. பணம் போதாவிட்டால் கேபினெட்டில் குறை, கண்ணாடியும் வண்ண விளக்கும் இல்லாததை வாங்கு.

செகண்ட் ஹேண்டில் கார்டு வாங்கலாமா என்று கதிர் கேட்டான். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்நாணயத்தைக் கார்டு வைத்துக் கணக்குப் போட்டுச் சம்பாதிக்கும் மைனிங் முறை நின்றுபோனதும், இரவும் பகலும் ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. எதிரில் ஓட்டிக் காட்டினால், பில்லும் மிச்ச வாரண்டியும் இருந்தால் பார்க்கலாம். மற்றபடி வேண்டாம். கேமிங் லேப்டாப் உன் தொகைக்கு நல்லதாக வராது, விட்டுவிடு. அவன் ஆடும் வாலரன்ட் விளையாட்டு, விண்டோஸ் 11இல் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயக்கத்தில் இருந்தால்தான் திறக்கும். பயாஸில் போட்டுவிடலாம், காட்டித் தருகிறேன். மானிட்டர் இப்போது வாங்காதே. உன் பழைய அலுவலக மானிட்டர் ஒரு வருடத்துக்குத் தாங்கும்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். இதற்காகத்தான் பள்ளத்தூர் போனேன். வளவை ஒட்டிய மேற்கு அறையில் மூன்று துளைப் பிளக் பாயின்ட் இருக்கிறது அல்லவா? டெஸ்டர் விளக்கும் ஒரு துண்டு ஒயரும் கொண்டுபோய்ப் பார்த்தேன். மேல் துளை எதனுடனும் சேரவில்லை, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தே அந்த வீட்டுக்குக் கிடையாது. உன் ஐயா காலத்து மரச்சட்ட ஒயரிங் அப்படியே ஓடுகிறது. விசிறிக்கும் விளக்குக்கும் அது போதுமானதாக இருந்தது. கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்ஸின் வாயிலில் இரைச்சலை வடிகட்டச் சின்ன மின்தேக்கிகள் இரண்டு எர்த்தோடு கட்டப்பட்டிருக்கும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட், கேபினெட்டின் இரும்பில் வந்து நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆனால் ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டால் கை சுர்ரென்று இழுக்கும். பாகங்களுக்கும் அது நல்லதல்ல. ஒருவேளை உள்ளே கசிவு ஏற்பட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆத்தா அந்த அறையில்தான் துணி மடித்து வைக்கிறார்கள்.

ஆகையால் முதல் செலவு இதுதான். பின்பக்கக் கிணற்றருகே குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு எர்த் குழாய் இறக்கி, அங்கிருந்து மேற்கு அறைக்குத் தனியாக ஒரு லைன். எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டார். அதோடு கரண்ட் போனாலும் சிறிது நேரம் மின்சாரம் தரும் யு.பி.எஸ். ஒன்றும் வேண்டும். 600 வி.ஏ. என்று விற்பது 360 வாட் அளவுக்குத்தான் கொடுக்கும், பெரிய விளையாட்டு ஓடும்போது கரண்ட் போனால் திணறும். 1 கே.வி.ஏ. எடு. இவை இரண்டும் 60,000இல் வராது, மேற்கொண்டு ஆகும். கார்டில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, இதைத் தள்ளிப்போடாதே.

அறை என்னவோ அருமையான அறை. அவ்வளவு கனமான சுண்ணாம்புச் சுவர், சித்திரையிலும் உள்ளே கொதிக்காது. ஆனால் வளவு வாசல் திறந்தே இருப்பதால் செம்மண் தூசி வந்துகொண்டேயிருக்கும். கேபினெட்டின் முன்பக்கம் வலையும் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டியும் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். பெட்டியைத் தரையில் வைக்காமல் முக்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

விளையாட்டிலேயே மூழ்கிவிடுவானோ என்று எழுதியிருந்தாய். அவனோடு ஒரு மணி நேரம் பேசினேன். எந்த மதர்போர்டில் எத்தனை ரேம் வரிசை என்று நோட்டில் பென்சிலால் கோடு போட்டு எழுதிவைத்திருக்கிறான், விலையெல்லாம் அடித்து அடித்துத் திருத்தியிருக்கிறான். அந்த நோட்டை நீ பார்த்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டாய்.

பாகங்களை இங்கே காரைக்குடிச் செக்காலை ரோட்டிலும் விசாரிக்கிறேன். சென்னை விலையைவிட ஆயிரம், இரண்டாயிரம் கூடினாலும், வாரண்டிக்கு நடந்துபோய் நிற்கலாம் என்றால் இங்கேயே வாங்கிவிடலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஜி.எஸ்.டி. பில் தனியாக, வரிசை எண்ணோடு வேண்டும். அட்டைப் பெட்டிகள் ஒன்றையும் எறியக் கூடாது, ஆத்தாவிடம் சொல்லிவிட்டேன், மாடியில் வைத்துக்கொள்வார்கள்.

எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை குழி எடுக்க வருகிறார். நான் போய் நிற்கிறேன். நீ வரும்போது அந்த மானிட்டரைத் துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வா, பஸ்ஸின் மேலே போடாதே. வீட்டில் ஆச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
சுப்பையா