கருப்பியின் மருந்து: கயலுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் கயலுக்கு,

நேற்றிரவு தொலைபேசியை வைத்த பிறகும் எனக்கு மனம் அடங்கவில்லை. வேலை முடிந்து களைத்து வந்தவளிடம் வாயால் சொன்னது எவ்வளவு நினைவிருக்குமோ தெரியாது. எழுதினால் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்துக்கொள்வாய்.

நம் பூனை கருப்பிக்கு இரண்டு பற்களைப் பிடுங்கியிருக்கிறார்கள், வலிக்கத்தான் செய்யும். ஆனால் கொஞ்சம் பனடோல் கரைத்துக் கொடுக்கலாமா என்று உன்னோடு தங்கியிருக்கும் பெண் கேட்டதாகச் சொன்னாயே, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கொடுக்கவே கூடாது, மகளே. கால் மாத்திரையும் வேண்டாம், குழந்தைகளுக்கான சிரப்பும் வேண்டாம். பனடோலில் இருக்கும் பாராசிட்டமோலை வேறொரு பொருளோடு இணைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும் நொதி நம் கல்லீரலில் தாராளமாக இருக்கிறது. பூனையின் கல்லீரலில் அது மிகக் குறைவு. வெளியேற வழியில்லாத மருந்து நஞ்சாக மாறிச் சிவப்பணுக்களைத் தாக்கும். இரத்தம் பழுப்பாகி, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு வெளிறி நீலம் பாயும், மூச்சு வாங்கும், முகமும் பாதங்களும் வீங்கும். நாம் தலைவலிக்கு விழுங்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். இபுபுரோஃபென், ஆஸ்பிரின் எதையும் நீயாகக் கொடுக்காதே. அந்தப் பெண்ணின் கைப்பையில் இருக்கும் மாத்திரைகளையும் கருப்பிக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்.

மருத்துவர் வலிக்குக் கொடுத்தது மெலொக்சிகாம் என்ற திரவ மருந்து என்றாய். நல்ல மருந்துதான், ஆனால் அளவு பிசகினால் சிறுநீரகத்தைப் பதம்பார்த்துவிடும். மாடிவீட்டார் தங்கள் நாய்க்கு வாங்கி மிஞ்சியதைத் தருவதாகச் சொன்னார்கள் அல்லவா? நன்றி சொல்லி, வேண்டாம் என்றுவிடு. பெயர் ஒன்றாக இருந்தாலும், நாய்க்கான புட்டியில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் இருக்கும், பூனைக்கானதில் 0.5. மூன்று மடங்கு வித்தியாசம். மருந்தகத்தில் ஆயுள் முழுக்க நின்றவன் சொல்கிறேன், ஒரே பெயரில் இரண்டு வீரியம் இருக்கும் இடத்தில்தான் கை தவறும். புட்டியோடு வந்த ஊசிக்குழலை மட்டும் பயன்படுத்து. அதில் பூனையின் எடைக்கு ஏற்பக் கோடு போட்டிருந்தால், மருத்துவர் காட்டிய கோட்டுக்கு மேல் ஒரு சொட்டும் ஏறக்கூடாது. எடுக்குமுன் புட்டியை நன்றாகக் குலுக்கு, அடியில் மருந்து தங்கியிருக்கும்.

முதலில் சாப்பிட வை. மருந்தைக் கொஞ்சம் ஈர உணவில் கலந்து கொடுத்துப் பார். நக்கிவிட்டால் வேலை முடிந்தது. மறுத்தால் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள். தலையை அண்ணாக்கப் பிடிக்காதே, புரையேறிவிடும். பல் பிடுங்காத பக்கம், கோரைப்பல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். குழலின் நுனியை அங்கே வைத்து மெதுவாக அழுத்து. ஒரு வாய் விழுங்கட்டும், பிறகு அடுத்தது. எச்சில் வடித்து முகத்தைச் சுளிப்பாள், பயப்படாதே. கொடுத்ததும் நேரத்தை எழுதிவை. ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தால், நீ கொடுத்தது தெரியாமல் அந்தப் பெண்ணும் கொடுத்துவிடக் கூடும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்காதே.

சாப்பிடவே மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டுக் கிளினிக்கை அழை. நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதே. இன்னொன்றும் கேட்க வேண்டும். சில வாரங்களுக்கு முன் அரிப்புக்காக அவளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்களே, அதைப் பல் பார்த்த மருத்துவரிடம் சொன்னாயா? அதுவும் மெலொக்சிகாமும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரலாம். சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லிவிடு. கருப்பிக்கு வயதாகிவிட்டது. அறுவைக்கு முன் சிறுநீரகத்துக்கு இரத்தச் சோதனை செய்தார்களா என்றும் கேள். தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு இடத்தில் வை.

இணையத்தில் தேடினால் அமெரிக்க எச்சரிக்கை ஒன்று கண்ணில் படும். பூனைக்கு மெலொக்சிகாமைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்று 2010-இல் அங்கே எழுதிவைத்தார்கள். ஐரோப்பாவிலோ குறைந்த அளவில் தினமும் கொடுக்கவே அனுமதி இருக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படித்துப் பயந்து நீயாக நிறுத்தாதே. வலி தெரியவில்லை என்று நீயாக நாளைக் கூட்டவும் வேண்டாம். எத்தனை நாள் என்று மருத்துவர் எழுதினாரோ அத்தனை நாள்தான்.

வலி குறைந்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டாய். கத்தி அழுவாள் என்று எதிர்பார்க்காதே, பூனைகள் வலியை மறைத்துக்கொள்ளும். மொன்ரியால் பல்கலைக்கழகத்தார் 2019-இல் பூனை முகத்தைப் பார்த்தே வலியை அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். காது, கண், மூக்குப் பகுதி, மீசை, தலை நிற்கும் விதம் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண். பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலி மருந்து தேவைப்படலாம். காதுகள் விலகிச் சாய்ந்து, கண் இடுங்கி, மீசை விறைத்து, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் மருத்துவரிடம் சொல். வேறு மருந்து சேர்ப்பதை அவர் முடிவு செய்யட்டும்.

அம்மா வெள்ளிக்கிழமை பட்டர்வொர்த்தில் இரயிலேறுகிறாள். நீ அலுவலகம் போகும் நேரத்தில் கருப்பியைப் பார்த்துக்கொள்வாள், உனக்கும் ஒழுங்காகச் சமைத்துப் போடுவாள். அதற்குள் நீ செய்ய வேண்டியது ஒன்று. இன்று மாலை மருந்து கொடுக்குமுன் புட்டியின் லேபிளையும், மருந்து நிரப்பிய குழலையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு கொடு.

அன்புடன்,
அப்பா
ஆயர் ஈத்தாம், பினாங்கு