ஹாக்கின்ஸ் இல்லாமல் 'பாடி அண்ட் சோல்' கதையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஜாஸ் கட்டுரையில் 'பாடி அண்ட் சோல்' என்றதும் டோனி பென்னட்டும் ஏமி வைன்ஹவுஸும் 2011இல் சேர்ந்து பாடியதைச் சொல்லி அதோடு முடித்துவிட்டீர்கள். அருமையான பதிவுதான், அது ஏமியின் கடைசிப் பதிவும்கூட. ஆனால் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் பெயரையே எடுக்காமல் இந்தப் பாட்டின் கதையை எப்படிச் சொல்ல முடியும்?

ஜானி கிரீன் 1930இல் பிரிட்டிஷ் நடிகை கெர்ட்ரூட் லாரன்ஸுக்காகப் போட்ட மெட்டு இது. அதே ஆண்டு லிபி ஹோல்மன் பிராட்வே மேடையில் பாடினார், லூயி ஆம்ஸ்ட்ராங்கும் உடனே பதிவு செய்துவிட்டார். அதுவரைக்கும் நல்ல காதல் பாட்டு, அவ்வளவுதான்.

ஐந்தாண்டு ஐரோப்பாவில் வாசித்துவிட்டு ஊர் திரும்பிய ஹாக்கின்ஸ், 1939 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் டெனர் சாக்ஸபோனில் இதை வாசித்தார். மொத்தமே மூன்று நிமிடம். தொடக்கத்தில் மெட்டின் சாயல் கொஞ்சம் தெரியும், அப்புறம் அதை விட்டுவிட்டு, அடியில் ஓடும் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) மட்டும் பிடித்துக்கொண்டு, பாட்டின் இரண்டு சுற்று முழுக்கத் தன் கற்பனையிலேயே போகிறார். நம் கர்நாடக இசையின் நிரவலில்கூட சாகித்திய வரி கையில் இருக்கும், இங்கே அதுவும் கிடையாது. பாட்டும் அதற்கு இடம் கொடுத்தது. நடுவில் வரும் எட்டு பார்களில் (தாளச் சுற்றுகளில்) சுருதி அரை ஸ்வரம் மேலே ஏறி, பிறகு முதலில் இருந்த இடத்துக்கும் கீழே இறங்கி, மறுபடி வீடு திரும்பும். சாதாரணமாக வாசிப்பவர் தடுமாறும் அந்த இடத்தில் ஹாக்கின்ஸ் எவ்வளவு நிதானமாகப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள்!

பாடகர் இல்லை, தெரிந்த மெட்டும் முழுசாக இல்லை, இருந்தும் ஜனங்கள் அந்த இசைத்தட்டை வாங்கினார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். அடுத்து வந்த பீபாப் என்ற ஜாஸ் பாணிக் கலைஞர்கள் கார்டுகளை வைத்தே கற்பனையை வளர்த்ததற்கு இந்தப் பதிவு வழி காட்டியது. எடி ஜெஃபர்சன் அந்த சாக்ஸபோன் வாசிப்புக்கே வரி எழுதிப் பாடினார். 1960இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் கார்டுகளையே மாற்றிப் போட்டு வாசித்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2004இல் ஹாக்கின்ஸின் பதிவைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

அவருக்கென்று ஒரு தனிக் கட்டுரை போடுங்கள். ஒரு பக்கம் போதாது.

– ஒரு வாசகர், மதுரை